ஊர் கூடிய மண்டபம்: சென்னை விக்டோரியா பொது அரங்கின் வரலாறும் காப்பும்



ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுக் குறிப்பேட்டைப் புரட்டினால் அதில் பேசியவர் பெயர் இருக்கும். பேசிய பொருள் இருக்கும். கூடிய நாளும் இருக்கும். கூடிய இடம் மட்டும் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். பள்ளி வகுப்பறை, நூலக மாடி, கோயில் மண்டபம், அன்பர் ஒருவரின் வீட்டுக் கூடம் என்று அந்த வரி மாதந்தோறும் மாறிக்கொண்டிருக்கும். இடம் கிடைத்த மாதத்தில் கூட்டம் நடக்கும். கிடைக்காத மாதத்தில் ஒத்திவைக்கப்படும். சொல்லுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதை இலக்கிய வட்டத்தாரினும் நன்கு உணர்ந்தவர் இலர். ஆகவே, பத்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், ஒரு நகரம் தான் கூடிப் பேசுவதற்கென்றே எழுப்பிக்கொண்ட மண்டபம் ஒன்றின் வரலாற்றை எடுத்துரைப்பது பொருத்தமுடையது.

சென்னைப் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில், மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கும் மத்திய ரயில் நிலையத்துக்கும் இடையே செந்நிறச் செங்கற் கட்டடம் ஒன்று நிற்கிறது. ரயிலைப் பிடிக்க விரைவோர் பல்லாயிரவர் அதனை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அதுவே விக்டோரியா பொது அரங்கம். பழைய சென்னைவாசிகள் அதனை "டவுன் ஹால்" என்றே வழங்கினர். அந்தப் பெயரே அதன் பிறப்பையும் சொல்கிறது.

மன்றமும் மண்டபமும்

கூடிப் பேசுவதற்கு இடம் அமைப்பது தமிழர்க்குப் புதியதன்று. சங்க இலக்கியம் காட்டும் மன்றம் மரநிழலில் அமைந்த ஊர்ப் பொதுவிடம். "பொதியில்" என்னும் சொல்லைப் பொது இல் என்று பிரித்துப் பொருள் காண்பர் அறிஞர். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பூம்புகாரின் பட்டிமண்டபத்தைக் குறிப்பிடுகின்றன. மகத நாட்டு மன்னன் சோழனுக்கு அளித்தது அம்மண்டபம் என்பது இளங்கோவடிகள் தரும் செய்தி.

இவற்றுள் கல்லாகவே நின்று சான்று கூறுவது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வாரியம் ஏறலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. பொதுப்பொருளை ஆள்வோர்க்குக் கணக்குக் கடமை உண்டு என்னும் அந்தக் கருத்து, பின்வரும் கதையிலும் நினைவிற் கொள்ளத் தக்கது. அச்சபை கூடிய மண்டபம் இன்று வைகுண்டப் பெருமாள் கோயிலாக விளங்குகிறது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அது நிற்பதற்குக் கல்லின் உறுதி ஒரு காரணம். மக்கள் தொடர்ந்து அதனுள் வந்து போய்க்கொண்டிருந்தது மற்றொரு காரணம்.

நகருக்கு ஒரு மண்டபம்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கல்கத்தா நகருக்கு 1813இலும் பம்பாய்க்கு 1833இலும் நகர மண்டபங்கள் அமைந்துவிட்டன. சென்னையில் அப்போது இருந்த பெரிய கூடம் ஆளுநரின் விருந்து மண்டபம். பிற்காலத்தில் இராஜாஜி மண்டபம் என்று பெயர் பெற்றது அதுவே. அங்கு அழைப்புப் பெற்றவரே செல்ல முடியும். நகர மக்கள் தம் குறைகளைப் பேச வேண்டுமாயின், ஜார்ஜ் டவுனில் பச்சையப்பர் அறநிலையத்தைச் சார்ந்த பச்சையப்பன் மண்டபமே புகலிடமாயிற்று. தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரத்தை எடுத்துச் சொல்ல 1896இல் சென்னைக்கு வந்த காந்தியடிகள் பேசியதும் அந்த மண்டபத்தில்தான்.

நகர மண்டபத்துக்கான எண்ணம் முளைத்ததும் அங்கேதான். 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நகரப் பெருமக்கள் பலர் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, சென்னைக்குப் பொது மண்டபம் ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தனர். பன்னிருவர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. அரசுக் கருவூலத்தை எதிர்பாராமல் பொதுமக்களின் நன்கொடையால் கட்டுவது என்று முடிவு செய்யப்பட்டது. ஆங்கிலேய அலுவலர், சமஸ்தான மன்னர், ஜமீன்தார், வணிகர், வழக்கறிஞர் எனப் பலரும் பொருளுதவினர்.

இடம் மாநகராட்சிக்கு உரிய மக்கள் பூங்காவில் கிடைத்தது. ஆளுநர் சர் சார்லஸ் டிரெவிலியனின் முயற்சியால் 1859ஆம் ஆண்டையொட்டி உருவான அப்பூங்கா நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையது. குளங்களும் உயிர்க்காட்சிச் சாலையும் கொண்டிருந்தது. அதன் ஒரு பகுதியாகிய 57 கிரவுண்டு நிலம், அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மிகுந்த பரப்பு, கிரவுண்டு ஒன்றுக்கு எட்டணா என்னும் பெயரளவு வாடகைக்கு 99 ஆண்டுக் குத்தகையாக அறக்கட்டளையிடம் அளிக்கப்பட்டது. 1883ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். 1880களின் இறுதியில் ஆளுநர் கன்னிமாரா பிரபு மண்டபத்தைத் திறந்துவைத்தார். 1887இல் விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா கொண்டாடப்பட்டதையொட்டி அவர் பெயர் மண்டபத்துக்கு இடப்பட்டது.

இந்த வரிசை கருதத்தக்கது. தேவை 1882இல் உணரப்பட்டது. அடிக்கல் 1883இல் இடப்பட்டது. அரசியின் பெயர் அதற்குப் பின்னரே வந்தது. அந்நிய ஆட்சியின் சின்னத்தை ஏன் பேண வேண்டும் என்று கேட்போர் உண்டு. அவ்வினாவைப் புறக்கணித்தல் ஆகாது. எனினும், ஊரார் கொடுத்த பொருளில், ஊரார் கூடுவதற்கென எழுந்த ஒன்றை, பின்னர் ஒட்டிய பெயரைக் கொண்டு மட்டும் அளவிடுதல் முறையாகாது.

கட்டடமும் கட்டியவரும்

மண்டபத்தை வடிவமைத்தவர் ராபர்ட் சிஷோம். மாநிலக் கல்லூரியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையையும் வடிவமைத்தவர் அவரே. கட்டி முடித்தவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். அருங்காட்சியக அரங்கம், கன்னிமாரா நூலகம் முதலிய பல கட்டடங்களை எழுப்பிய ஒப்பந்தக்காரர் அவர். சென்னையின் செங்கல் முகத்துக்கு வரைபடம் தந்த பெயர்களோடு, அதனைக் கல்லும் காரையுமாக்கிய இப்பெயரும் சேர்த்துப் போற்றப்பட வேண்டும். அவர்க்குக் கீழ் உழைத்த கொத்தர், தச்சர், சிற்றாள் ஆகியோரின் பெயர்களைச் சுவர் சொல்வதில்லை. அவர்களின் கைத்திறனை மட்டும் சொல்கிறது.

கட்டடம் இந்தோ சாரசனிக் பாணியில் அமைந்தது. கீழும் மேலுமாக நீண்ட இரு கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 600 பேர் அமரலாம். மேற்கூடத்தின் கிழக்கே மரத்தாலான மாடவரிசையில் மேலும் இருநூற்றுவர் இருக்கலாம். இரு பக்கமும் மெல்லிய தூண்கள் தாங்கும் வளைவுத் தாழ்வாரங்கள் வெயிலையும் மழையையும் கூடத்துள் புகவிடாமல் காத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. சதுரமான கோபுரத்தின் உச்சியில் திருவிதாங்கூர்ப் பாணிக் கூம்புக் கூரை அமர்ந்திருக்கிறது. கூரைவிளிம்பை ஒட்டி ஓடும் சுடுமண் வேலைப்பாடு இசுலாமிய எழுத்தணியை நினைவூட்டுகிறது. வளாகத்தில் டிரெவிலியன் நினைவாக அமைந்த நீரூற்றும் உண்டு.

கேரளக் கூரை, இசுலாமிய அணி, ஐரோப்பியத் தூண், சென்னைச் செங்கல் ஆகியவை ஒரே கட்டடத்தில் இணைந்தமை அக்காலத்து ரசனை. ஒலிபெருக்கி இல்லாத நாளில் பேச்சாளரின் குரலும் நடிகரின் பாட்டும் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும். நீண்ட கூடமும், உயர்ந்த மேல்தளமும், மரத்தாலான மாடமும் அத்தேவைக்கு ஏற்ப அமைந்தன எனலாம்.

மேடை கண்ட மாற்றம்

மண்டபம் திறந்த சில ஆண்டுகளுக்குள் தமிழ் நாடகத்தின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று சென்னையில் நடந்தது. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாசார்லு என்பார் தம் குழுவினரோடு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தினார். படித்தவர், அலுவல் புரிபவர், மதிப்புமிக்கோர் மேடையேறி நடித்த அந்நாடகங்கள் பதினெட்டு வயது மாணவர் ஒருவரின் மனத்தை ஆட்கொண்டன. தமிழ் நாடகம் என்றாலே அதுவரை முகம் சுளித்து வந்தவர் அவர். அவரே பின்னாளில் தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்பட்ட பம்மல் சம்பந்த முதலியார்.

அதே ஆண்டு ஜூலை முதல் நாள் அவரும் நண்பர் சிலரும் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினர். 1893இல் அச்சபை "புஷ்பவல்லி" நாடகத்தை விக்டோரியா மண்டபத்தில் அரங்கேற்றியது. பின்னர்ச் சபையே அம்மண்டபத்தில் இடங்கொண்டு, 1930களில் மவுண்ட் ரோடுக்குக் குடிபெயரும் வரை அங்கே இயங்கியது. வழக்கறிஞர், மருத்துவர், ஆசிரியர் ஆகியோர் மாலையில் அங்குக் கூடி ஒத்திகை பார்த்தனர். பின்னாளில் நாடறிந்த அரசியல் தலைவரான எஸ். சத்தியமூர்த்தியும் அச்சபையின் நடிகராக விளங்கியவரே. சம்பந்தனார் நீதிமன்றத்தில் நீதிபதியாகப் பணியாற்றிக்கொண்டே தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அவர் "அமலாதித்யன்" ஆக்கினார்.

அதற்கு முன் நாடகம் என்பது விடிய விடியக் கொட்டகையில் நடப்பது. நடிப்பவர்க்குக் "கூத்தாடி" என்பது வசைப்பெயர். குறித்த நேரத்தில் தொடங்கி, குறித்த நேரத்தில் முடியும் நாடகத்தை ஒரு கண்ணியமான பொது மண்டபத்தில், படித்தவர் நடிக்கப் படித்தவர் பார்த்தனர். வசைச்சொல்லின் கூர்மை மழுங்குவதற்கு அந்த மண்டபத்தின் மதிப்பும் ஒரு காரணமாயிற்று. அதே கூடத்தில் 1890களின் பிற்பகுதியில் சென்னை மக்கள் அசையும் படங்களை முதன்முதலாகக் கண்டனர். தமிழகத்தின் மேடைக்கும் திரைக்கும் ஒரே வீட்டில் தொட்டில் ஆடியது என்பது மிகையன்று.

மேடை ஏறிய சொற்கள்

1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மேலைநாட்டுப் பயணம் முடிந்து திரும்பிய சுவாமி விவேகானந்தருக்கு விக்டோரியா மண்டபத்தில் வரவேற்பு ஏற்பாடாயிற்று. உள்ளே இடம் கொள்ளாத கூட்டம் வெளியே திரண்டு நின்றது. சுவாமிகள் வெளியே வந்து ஒரு வண்டியின்மீது ஏறி நின்று பேசினார். தேரில் நின்று கீதை உரைத்த முறையோடு அதனைத் தாமே நகைச்சுவையாக ஒப்பிட்டார். பேரிரைச்சலில் அன்று பேச்சை நீட்டிக்க இயலவில்லை. சில நாட்களுக்குப் பின் அதே மண்டபத்தில் தம் செயல்திட்டத்தை விளக்கி நீண்ட சொற்பொழிவு ஆற்றினார். நன்கொடையாளரும் படித்தவரும் கணக்கிட்ட கூடம் நகரத்தின் ஆர்வத்துக்குப் போதாது என்பது அன்று தெரிந்தது.

1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியடிகளும் கஸ்தூரிபாவும் சென்னை வந்தபோது வரவேற்பு அளித்தது இம்மண்டபம். கோபால கிருஷ்ண கோகலேயும் சர்தார் படேலும் இங்கு வந்துள்ளனர். சுப்பிரமணிய பாரதியாரின் குரலும் இங்கு ஒலித்தது. 1916ஆம் ஆண்டின் இறுதியில் பி. தியாகராய செட்டியார், டி.எம். நாயர், சி. நடேச முதலியார் ஆகியோரின் முயற்சியால் உருவாகி, நீதிக்கட்சி எனப் பெயர் பெற்ற இயக்கத்தின் தொடக்க வரலாற்றோடும் விக்டோரியா மண்டபத்தின் பெயர் இணைத்தே பேசப்படுகிறது. ஆன்மிகம், தேசியம், சமூகநீதி என ஒன்றோடொன்று வாதிட்ட இயக்கங்களுக்கெல்லாம் ஒரே கூரை இடம் தந்தது. எதிர்க்கருத்து உடையவரும் அடுத்த வாரம் அதே மேடையைக் கேட்டுப் பெறலாம் என்பதே பொது மண்டபம் என்பதன் பொருள்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "பொது" என்ற பெயர் தொடக்கத்தில் அனைவரையும் தழுவவில்லை. நுழைவுச்சீட்டு வாங்க வல்லவர், ஆங்கிலம் அறிந்தவர், மேற்குடியினர் ஆகியோரே முதலில் அங்கு மிகுதி. சுகுண விலாச சபையின் மேடையிற் பெண் பாத்திரங்களையும் ஆடவரே ஏற்றனர். ஆயினும் நாடகமும் அரசியலும் அந்த வட்டத்தைப் படிப்படியாக விரித்தன. மேடையில் தமிழ் ஏறிய அளவுக்கு அவையில் தமிழர் பெருகினர்.

கதவு மூடிய காலம்

விடுதலைக்குப் பின் நகரம் தெற்கே வளர்ந்தது. புதிய சபாக்களும் அரங்குகளும் எழுந்தன. 1962இல் மியூசிக் அகாதெமியின் அரங்கம் திறக்கப்பட்டது. நாடகமும் இசையும் மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் சென்றுவிட, விக்டோரியா மண்டபம் மெல்ல மெல்ல ஒதுங்கியது. மக்கள் பூங்காவும் துண்டு துண்டாயிற்று. ஒருபுறம் மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும், மறுபுறம் விளையாட்டரங்கமும் அதன் பரப்பைப் பங்கிட்டுக்கொண்டன. மண்டபத்தின் வளாகத்திலேயே கடைகளும் உணவு விடுதியும் எழுந்து அதன் முகத்தை மறைத்தன.

1985ஆம் ஆண்டு இவ்விடத்துக்கு இரு வகையில் துயர் தந்தது. மே 30ஆம் நாள் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்டு எரிந்து போயிற்று. பழைய நூல் தேடி அலைந்த தமிழன்பர் எத்தனையோ பேர்க்கு அது பல்கலைக்கழகம் போன்றது. அந்த இடத்தில் பின்னர்ப் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. விக்டோரியா மண்டபத்தின் 99 ஆண்டுக் குத்தகை முடிந்ததும் அதே ஆண்டில்தான். குத்தகை முடிந்த நிலம் மாநகராட்சிக்கு உரியதா, கட்டடத்தைப் பேணிவந்த அறக்கட்டளைக்குத் தொடர்ந்து உரிமை உண்டா என்னும் வழக்கு நீண்டது. மூர் மார்க்கெட்டு ஓரிரவில் அழிந்தது. மண்டபமோ வழக்கு முடியும் நாளை எதிர்நோக்கி ஆண்டுக்கணக்கில் தேய்ந்தது. இருவர் உரிமை கோரும் வீட்டின் கூரையை இருவருமே மாற்றமாட்டார் என்பது கிராமத்திலும் அறிந்த செய்தி.

நீண்ட வழக்குக்குப் பின் மண்டபம் மாநகராட்சியின் பொறுப்பில் வந்தது. 2010ஆம் ஆண்டையொட்டி வளாகத்துக் கட்டுமானங்கள் அகற்றப்பட்டுச் சீரமைப்பு முயற்சியும் தொடங்கியது. அவ்வேளையில் மத்திய ரயில் நிலையத்தருகே மெட்ரோ ரயிலின் நிலத்தடி நிலையம் அமைக்கும் பணி மண்டபத்தின் வாயிலுக்கே வந்துவிட்டது. வேலி சூழ்ந்தது, சீரமைப்புத் தடைப்பட்டது. மெட்ரோ ரயில் 2018இல் அங்கு ஓடத் தொடங்கிய பின்னரும் மண்டபம் காத்திருந்தது. 2023இல் மாநகராட்சி, சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் 32 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில், நிலநடுக்கத்தைத் தாங்கும் வலுவூட்டல் உட்பட முழுமையான சீரமைப்பை மேற்கொண்டது.

சுண்ணாம்பின் பாடம்

இத்தகைய கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் மட்டும் போதாது. நல்லெண்ணத்தோடு செய்த தவறான பழுதுபார்ப்பே பல பழங்கட்டடங்களைக் கெடுத்திருக்கிறது.

செங்கற் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. சுண்ணாம்புக் காரை நுண்துளை உடையது. உறிஞ்சிய ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சு ஏறினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். ஈரத்தோடு வந்த உப்பு, செங்கல்லுக்குள் படிகமாகி அதனை உள்ளிருந்தே பொடியாக்கும். வெளியே வழவழப்பாகத் தோன்றும் சுவர் உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகளில் பூச்சு தகடு தகடாகப் பெயரும்போதுதான் பழுது வெளிப்படும். கூரையில் தூம்பு அடைத்து நீர் தேங்கினால், விரிசலில் விழுந்த அரச விதையும் ஆல விதையும் முளைத்து வேரோடிச் சுவரையே பிளக்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன் தூம்பைத் துப்புரவு செய்யும் சிறு வேலையை விட்டுவிட்டால், கோடிக்கணக்கில் செலவிடும் பெருவேலை வந்து நிற்கும்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, நாட்கணக்கில் ஊறவைத்து, மணலுடன் அரைத்துக் காரையாக்க வேண்டும். கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது பழைய முறை. பூசிய பின்னும் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றே இறுகும். இந்தக் கைத்திறனை அறிந்த கொத்தனார் அருகிவருகின்றனர். ஒரு மண்டபத்தைச் சீரமைக்கும்போதே இளைஞர் சிலரை அவர்களின் பக்கத்தில் நிறுத்திப் பழக்கினால், அடுத்த கட்டடத்துக்கும் கை கிடைக்கும். சேப்பாக்கம் அரண்மனையின் கலசமகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானபோது, அதனை இடித்துவிடலாம் என்று எண்ணியவர் உண்டு. பழைய முறையில் அது மீட்கப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இடம்பெற்றது. எரிந்த கட்டடமும் மீளும் என்பதற்கும், மீண்ட கட்டடத்துக்கு வேலை கொடுக்கலாம் என்பதற்கும் அது சான்று.

சட்டத்தின் துணையும் வந்துள்ளது. 2012இல் தமிழ்நாடு மரபுச்சின்ன ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம். மண்டபத்துக்குள் மக்களை அழைத்து வர அதனால் இயலாது.

காப்பது எதனை?

இவ்வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். விக்டோரியா மண்டபத்தின் சுவர் விரிசல் காண்பதற்கு முன்பே அதன் அவை கலைந்துவிட்டது. கூட்டம் நின்ற பிறகே கூரை ஒழுகியது. நாள்தோறும் நூறு பேர் வந்து போகும் கூடத்தில் ஓர் ஓடு நழுவினால் மறுநாளே ஒருவர் முறையிடுவார். பூட்டிய கூடத்தில் முறையிட எவரும் இலர். ஆகவே செங்கல்லையும் சுடுமண் அணியையும் மீட்பது பாதி வேலை. அங்கு மீண்டும் அவை கூடச் செய்வது மறுபாதி.

இதற்குச் சில நெறிகள் வேண்டும். முதலாவது, வாடகை. பெருநிறுவனம் கொடுக்கும் தொகையையே எல்லார்க்கும் அளவாக வைத்தால் "பொது" என்னும் சொல் பலகையில் மட்டுமே நிற்கும். மாதத்தில் குறிப்பிட்ட சில மாலைகளையேனும் சிறு இலக்கிய அமைப்புகளுக்கும் பயில்நிலை நாடகக் குழுக்களுக்கும் மாணவர்க்கும் அவர்கள் தரக்கூடிய கட்டணத்தில் ஒதுக்க வேண்டும். அருகிலேயே புறநகர் ரயிலும் மெட்ரோவும் பேருந்தும் உண்டு. நகரின் எந்த மூலையிலிருந்தும் ஒரு மாலைக் கூட்டத்துக்கு வந்து திரும்ப இதைவிட ஏற்ற இடம் அரிது.

இரண்டாவது, கணக்கு. எவர்க்கு, எந்நாளில், எக்கட்டணத்தில் மண்டபம் அளிக்கப்பட்டது என்பதும், வருவாயில் எவ்வளவு பராமரிப்புக்குச் சென்றது என்பதும் ஆண்டுதோறும் மக்கள் அறிய வெளியிடப்பட வேண்டும். உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டிவைத்த நெறி இது.

மூன்றாவது, நினைவு. இம்மண்டபத்தில் அரங்கேறிய நாடகங்களின் துண்டறிக்கைகளும், நுழைவுச்சீட்டுகளும், கூட்ட அழைப்பிதழ்களும் பல வீடுகளின் பழைய பெட்டிகளில் இருக்கக்கூடும். பம்மல் சம்பந்தனாரின் "நாடக மேடை நினைவுகள்" போன்ற நூல்களோடு அவற்றையும் தொகுத்து, மண்டபத்திலேயே ஒரு சிறு படிப்பறை அமைக்கலாம். எந்த மேடையில் எவர் நின்றார் என்பதை அறிந்து மேடையேறுவோரின் பேச்சில் பொறுப்பு கூடும்.

நான்காவது, அளவறிந்த பயன்பாடு. மண்டபம் பயன்பட வேண்டும் என்பதால் அதன் இயல்பை மீறிய சுமையை அதன்மேல் ஏற்றலாகாது. மரமாடம் தாங்கும் எண்ணிக்கை, தீத்தடுப்பு ஏற்பாடு, சுவரில் ஆணி அடியாமை ஆகியவை கண்டிப்பாகக் காக்கப்பட வேண்டும். பழைய வீட்டில் குடியிருப்போர் முதியோரோடு வாழ்வதுபோல் நடந்துகொள்ள வேண்டும்.

1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடியவர்க்குச் சொந்தமாக ஒரு கூடம் இல்லை. பிறர் கூடத்தில் அமர்ந்துதான் ஊருக்கு ஒரு கூடம் வேண்டும் என்று பேசினர். இன்று தமிழகத்தின் பல ஊர்களில் இலக்கிய வட்டங்கள் அவ்வாறே பிறர் இடத்தில் கூடி வருகின்றன. அவ்வூர்களிலும் பழைய நகர மண்டபம் ஒன்றோ, பூட்டிக் கிடக்கும் படிப்பகம் ஒன்றோ, களஞ்சியமாகிவிட்ட சபைக்கூடம் ஒன்றோ இருக்கலாம். அதன் சாவி எவரிடம் உள்ளது என்று கேட்டறிவது அவ்வட்டங்கள் தம் அடுத்த பத்தாண்டில் செய்யத்தக்க முதற்பணி. சாவி கிடைத்தால், அடுத்த மாதக் கூட்டத்தின் அழைப்பிதழில் "இடம்" என்னும் சொல்லுக்கு எதிரே அம்மண்டபத்தின் பெயரை எழுதிவிடலாம்.

வாழிய நலனே.